ஓசிக் கச்சேரியும் ஒரு வங்கிக்காரன் கணக்கும்

கொல்கத்தாவுக்கு மாற்றல்னு சொன்னதும் நம்ம ஜனங்க கேக்கறது மூணே கேள்விதான். இட்லி அரிசி கிடைக்குமா, பிள்ளைக்கு ஸ்கூல் எப்படி, அந்த மீன் வாசனையில எப்படிக் குடித்தனம் பண்ணப் போறீங்க. "அங்க சாயங்காலம் காசில்லாம எங்க பாட்டுக் கேக்கலாம்?"னு இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் கேட்டதில்ல. இந்த ஊருக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு (நடுவுல ரெண்டு வருஷம் அசன்சோல், அதைச் சேர்க்கலை). என்னைக் கேட்டா, அந்தக் கேள்வியைத்தான் முதல்ல கேக்கணும்.

டிசம்பர் பாதியில குளிர் லேசா எட்டிப் பார்த்தா போதும், இந்த ஊர்ல பார்க்கு, தெருமுனை, கிளப் வாசல்னு எங்கேயாவது ஒரு மேடை முளைச்சிடும். மேடைன்னா பாதி நேரம் ராக் பேண்டுதான். கிடார், டிரம்ஸ், முடி வளர்த்த பையன். கீழே மங்கி கேப் மாட்டின தாத்தா. பெங்காலிக்கு 20 டிகிரிக்குக் கீழே போனாலே மங்கி கேப் வந்துடும், அது தனிக் கதை.

2023 டிசம்பர்ல என் மச்சினன் குடும்பத்தோட நியூ ஜெர்சியிலேர்ந்து வந்திருந்தான். ஊரைச் சுத்திக் காட்டணுமே. விக்டோரியா மெமோரியல், தட்சிணேஸ்வரம் எல்லாம் ஆச்சு. ஒரு நாள் சாயங்காலம் பார்க் ஸ்ட்ரீட் கூட்டிப் போனோம். அங்க ஆலன் பார்க்னு ஒரு சின்னப் பூங்கா. 2011-லிருந்து மாநில அரசு அங்க கொல்கத்தா கிறிஸ்துமஸ் விழா நடத்துது. தெரு முழுக்க விளக்கு, ஓரத்துல கேக், கபாப், எல்லாக் கடையும். மேடையில சர்ச் பாட்டுக் குழு ஒண்ணு இறங்கின கையோட ஒரு வங்காள ராக் பேண்ட் ஏறுச்சு.

"அத்தான், டிக்கெட் எங்க வாங்கணும்?"னு மச்சினன் பர்ஸை எடுத்தான்.

"டிக்கெட்டே கிடையாதுடா."

"அப்போ யாரு இவ்வளவு செலவு பண்றா?"

நல்ல கேள்வி. பணக் கேள்வி கேட்டா எனக்கு ரொம்பப் பிடிக்கும், தொழில் அப்படி. பதில் அப்புறம் சொல்றேன். முதல்ல அன்னிக்கு யார் யார் அங்க நின்னாங்கன்னு பார்ப்போம். எனக்கு ஒரு பக்கம் கல்லூரிப் பசங்க. இன்னொரு பக்கம் பக்கத்து ஏ.டி.எம்.மைக் காவல் காக்கிற பீகார்க்காரர், யூனிஃபார்மோட. முன்னாடி ஒரு பலூன்காரர், பலூன் விக்கிறதை நிறுத்திட்டுத் தாளம் போட்டுக்கிட்டு நின்னார். ஒரு அம்மா கைக்குழந்தையோட. ரெண்டாவது பாட்டுக்கு மொத்தக் கூட்டமும் வரி விடாம கூடப் பாடுச்சு. பீகார்க்காரருக்கு மொழி எவ்வளவு புரிஞ்சுதோ, தலை ஆடிக்கிட்டே இருந்துச்சு. கேட்டுன்னு ஒண்ணு வச்சு ஐம்பது ரூபாய் வாங்கியிருந்தாலும் இந்த நாலு பேர்ல மூணு பேர் வெளியே நின்னிருப்பாங்க.

நம்ம ஆளுங்களுக்கு இலவசம்னாலே ஒரு இளக்காரம். "ஓசியில கிடைக்குதா, அப்போ சரக்கு சரியில்ல"ன்னு முடிவு கட்டிடுவோம். (ஓசிங்கிற சொல்லே கம்பெனி சர்க்கார் காலத்துல தபால்தலை ஒட்டாம போன அரசாங்கக் கடுதாசியிலேர்ந்து வந்ததுன்னு ஒரு கதை சொல்வாங்க. அந்தக் கம்பெனிக்கே தலைநகரா இருந்த ஊர்ல உக்காந்து இதை எழுதறது ஒரு வேடிக்கைதான்.) ஆனா இந்த ஊர் ராக் சங்கீதத்தோட கதையைப் பார்த்தா, காசை விடக் கதவுதான் பெரிய சங்கதின்னு தெரியும்.

நம்ம உஷா உதுப்பையே எடுத்துக்கங்க. பம்பாய்ல தமிழ்க் குடும்பத்துல பிறந்தவர். மெட்ராஸ் மவுண்ட் ரோட்ல நைன் ஜெம்ஸ்ங்கிற கிளப்ல பட்டுப்புடவையும் பூவுமா நின்னு இங்கிலீஷ் பாட்டுப் பாட ஆரம்பிச்சு, 1969-ல பார்க் ஸ்ட்ரீட் டிரிங்காஸுக்கு வந்து, இங்கேயே கல்கத்தாக்காரியா ஆயிட்டார். நெத்தியில வங்காள எழுத்து 'க' போட்ட பொட்டு. 2024-ல பத்மபூஷண். இப்படிப்பட்டவரை 1980-கள்ல இடது முன்னணி அரசோட பொதுப்பணித் துறை அமைச்சர் ஜதின் சக்ரவர்த்தி 'அபசம்ஸ்கிருதி', அதாவது சீரழிந்த கலாசாரம்னு சொல்லி அரசு அரங்கத்துல பாட விடலை. அவர் ஹைகோர்ட் போய் ஜெயிச்சார். அரங்கம்னு ஒண்ணு இருந்தா சாவி யார்கிட்டயாவது இருக்கும், சாவி வச்சிருக்கறவருக்கு ஒரு ரசனை இருக்கும்.

வங்காள ராக்குக்கும் இதே பாடுதான். 1970-கள் நடுவுல கௌதம் சட்டோபாத்யாயும் தம்பிகளும் சிநேகிதர்களும் சேர்ந்து 'மொஹினேர் கோராகுலி'ன்னு ஒரு பேண்ட் ஆரம்பிச்சாங்க. 'மஹீனோட குதிரைகள்'னு அர்த்தம், ஜீவனானந்த தாஸ் கவிதையிலேர்ந்து எடுத்த பேரு. பாவுல் பாட்டும் மேல்நாட்டுக் கிடாரும் ஒண்ணா. 1977, 78, 79-னு வருஷத்துக்கு ஒரு ரெக்கார்டு போட்டாங்க. விக்கலை. ரவீந்திர சங்கீதமும் சினிமாப் பாட்டும் கேட்ட காது, இது என்னடா கூத்துன்னு சிரிச்சுது. பேண்டும் கலைஞ்சு போச்சு. 1995-ல சின்னப் பசங்களைச் சேர்த்துக்கிட்டு கௌதம் மறுபடி ஒரு தொகுப்பு போட்டப்போதான் ஊர் திரும்பிப் பார்த்துச்சு. 1999-ல அவர் போயிட்டார். 2006-ல 'கேங்ஸ்டர்' இந்திப் படத்துல வந்த 'பீகி பீகி' உங்க எல்லாருக்கும் தெரியும், அது இவங்க மெட்டுதான். இப்போ தெருமுனை மேடையில எந்தப் பேண்ட் ஏறினாலும் இவங்க பாட்டு ஒண்ணாவது வரும், கூட்டமே பாடும். நான் பார்த்த வரைக்கும் ரெக்கார்டு வாங்கி மனப்பாடம் பண்ணவங்க கம்மி, இப்படி மைதானத்துல நின்னு கேட்டுக் கேட்டே பாடம் ஆனவங்கதான் ஜாஸ்தி. என் பையனும் அதுல ஒருத்தன்.

பாவுல்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. பாப் டிலனோட 1967 ரெக்கார்டு 'ஜான் வெஸ்லி ஹார்டிங்' அட்டையைப் பாருங்க. அவருக்கு ரெண்டு பக்கமும் நிக்கறது பூர்ண தாஸ், லக்ஷ்மண் தாஸ்னு ரெண்டு வங்காளத்துப் பாவுல்கள். ரயில்லயும் சந்தையிலயும் ஏக்தாராவை மீட்டிக்கிட்டு, கொடுத்தா வாங்கிக்கிட்டு, கொடுக்கலைன்னாலும் பாடிட்டுப் போற பரம்பரை. காசு வாங்கிட்டு உள்ளே விடற வழக்கம் அந்தப் பாட்டுக்குக் கிடையாது. விக்டோரியா மெமோரியல் பக்கத்துல மோஹர் குஞ்ஜ பூங்காவுல 2011-ல 'சூஃபி சூத்ரா'ன்னு ஆரம்பிச்சு அப்புறம் 'சுர் ஜஹான்'னு பேர் மாத்தின ஒரு விழா. பங்களாநாடக் டாட் காம்ங்கிற இந்த ஊர் அமைப்பு நடத்துது. வெளிநாட்டு நாட்டுப்புறக் குழுக்களும் நம்ம பாவுல், ஃபக்கீர்களும் ஒரே மேடையில. இதுக்கும் டிக்கெட் இல்ல. புல்லுல உக்காந்து கேக்கலாம். தங்கமணி ஃபிளாஸ்க்ல காபியோட போய் முன் வரிசையில துண்டு போட்டுடுவாங்க.

சரி, மச்சினன் கேள்விக்கு வருவோம். யார் செலவு?

இலவசம்னா செலவே இல்லைன்னு அர்த்தம் இல்ல. பி.காம். முதல் வருஷத்துலயே இதைத்தான் சொல்லிக் கொடுத்தாங்க, ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு. மேடைக்காரர், சவுண்டுக்காரர், ஜெனரேட்டர், பேண்டுக்குச் சம்பளம் எல்லாம் யாரோ ஒருத்தர் கணக்குல எழுதியாகணும். யார் கணக்குங்கிறதுலதான் விழாவோட ஆயுசு இருக்கு. ஆலன் பார்க் சர்க்கார் பணம். துர்கா பூஜை பந்தலுக்கு வீட்டு வீட்டுக்குச் சந்தா, அதுக்கு மேல கம்பெனி விளம்பரம், இப்போ சர்க்கார் மானியமும் சேர்ந்தாச்சு. 2018-ல ஒரு கிளப்புக்கு 10,000 ரூபாய்ல ஆரம்பிச்சது 2024-ல 85,000 ஆச்சு. இது சரியா தப்பான்னு கோர்ட்டு வரைக்கும் வழக்கு போயிருக்கு. என் அபிப்பிராயம் கேட்டா, சந்தா நோட்டு புழங்கற வரைக்கும்தான் பந்தல் தெருவோட சொத்து.

சர்க்கார் பணத்துல இன்னொரு சிக்கல். நம்ம சென்னை சங்கமத்தைப் பாருங்க. 2007-ல கனிமொழியும் ஜெகத் கஸ்பரும் ஆரம்பிச்சாங்க. பூங்கா பூங்காவா பறையாட்டம், கரகம், கர்நாடக சங்கீதம் எல்லாம். டிக்கெட் கிடையாது. 2011-ல ஆட்சி மாறுச்சு, விழா நின்னுச்சு. திரும்ப வந்தது 2023 பொங்கலுக்கு, மறுபடி ஆட்சி மாறின பிறகு. அரசியல் பேசறதா நினைக்காதீங்க, நான் வரவு செலவு பேசறேன். ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளரை நம்பிக் கடை போட்டா இதுதான் கதி.

வெளிநாட்டுலயும் விதவிதமா இருக்கு. ஆஸ்திரியாவுல வியன்னா நகரத்துல டானூப் நதி நடுவுல ஒரு தீவு. அங்க 1984-லிருந்து கோடையில மூணு நாள் இலவச ராக் திருவிழா. நடத்தறது ஒரு அரசியல் கட்சியோட வியன்னா கிளை. போலந்துல 1995-லிருந்து ஒரு இலவச ராக் விழா நடக்குது, முன்னாடி அதுக்கு வுட்ஸ்டாக்னு பேரு, 2018-லிருந்து போல் அண்ட் ராக். அதோட பின்னணி எனக்கு ரொம்பப் பிடிச்சது. குளிர்காலத்துல தொண்டர்கள் தெருத்தெருவா உண்டியல் குலுக்கி ஆஸ்பத்திரிகளுக்குக் கருவி வாங்கப் பணம் சேர்க்கறாங்க. அந்தத் தொண்டர்களுக்கு நன்றி சொல்லக் கோடையில ஒரு விழா. ஊரே வரலாம்.

டிக்கெட் போட்டா கணக்கு சுத்தமா இருக்கும்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு பழைய சேதி. 1971 ஆகஸ்ட் 1, நியூயார்க். ஜார்ஜ் ஹாரிசனும் ரவிசங்கரும் சேர்ந்து வங்கதேச அகதிகளுக்காக நடத்தின கச்சேரி. ரெண்டு காட்சி, சுமார் 40,000 பேர், டிக்கெட் வசூல் ரெண்டரை லட்சம் டாலருக்குக் கிட்ட. பிற்பாடு ரெக்கார்டும் படமும் இதை விடப் பல மடங்கு சம்பாதிச்சுது. ஆனா முன்கூட்டியே வரிவிலக்குக்கு மனு போடலை. அதனால அதுல பெரும் பணம் அமெரிக்க வரித்துறையில வருஷக்கணக்கா மாட்டிக்கிச்சு. அகதி முகாம் எல்லாம் இந்த ஊரைச் சுத்தித்தான் இருந்துச்சு. ஒரு ஆடிட்டரை அன்னிக்கே மேடைக்குப் பின்னாடி உக்கார வச்சிருக்கலாம்!

இலவசக் கூட்டம்னா பயமா இருக்குன்னு சொல்றவங்களையும் நான் தள்ளிவிடலை. 1969 டிசம்பர் 6, கலிபோர்னியாவுல ஆல்டமாண்ட். ரோலிங் ஸ்டோன்ஸோட இலவசக் கச்சேரி. கடைசி நேரத்துல இடம் மாத்தி, பாதுகாப்புக்கு ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்ங்கிற மோட்டார் சைக்கிள் கும்பலை நிறுத்தி, கூலிக்கு பீர் கொடுத்தாங்க. நாலு பேர் செத்தாங்க, ஒருத்தர் மேடைக்கு முன்னாடியே குத்துப்பட்டு. அவ்வளவு தூரம் போக வேணாம், எங்க லேக் மார்க்கெட் பக்கத்துலயே தேசப்ரிய பார்க். 2015 பூஜைக்கு உலகத்துலயே பெரிய துர்க்கைன்னு ஊர் முழுக்க போர்டு வச்சாங்க. கூட்டம் நெருக்கித் தள்ளி, பூஜை தொடங்கும் முன்னாடியே போலீஸ் தரிசனத்தை நிறுத்திட்டாங்க.

ஆனா கதவு வச்சா ஆபத்து போயிடும்னு யாராவது சொன்னா, நான் 2022 மே 31-ஐ ஞாபகப்படுத்துவேன். இங்க நஸ்ருல் மஞ்ச்ல ஒரு கல்லூரி விழா. பாஸ் உண்டு, கதவு உண்டு. பாட வந்தவர் கே.கே. நம்ம 'கில்லி'யில 'அப்படிப் போடு' பாடினவரேதான். உள்ளே இருந்த கூட்டத்தையும் புழுக்கத்தையும் பத்தி அப்புறம் ஊரே பேசுச்சு. பாடி முடிச்சு ஓட்டலுக்குத் திரும்பின மனுஷன் அன்னிக்கு ராத்திரியே போயிட்டார், 53 வயசு. அந்த வாரம் பையன் சரியாவே சாப்பிடலை. மைதானம்னா மூச்சு முட்டினா நாலு பக்கமும் நடந்து வெளியே போயிடலாம்.

இவ்வளவும் எதுக்குச் சொல்றேன்னா, எங்க ஊர்த் தமிழ்ச் சங்கத்துல இப்போ இதுதான் தகராறு. (பேரு வேணாம், நானும் கமிட்டியில இருக்கேன், நாளைக்கு முகத்துல முழிக்கணும்.) பொங்கல் விழாவுக்கு வருஷா வருஷம் மூடின அரங்கம். உறுப்பினருக்குப் பாஸ், வெளியாளுக்கு 300 ரூபாய். போன முறை டிக்கெட் வசூல் அரங்க வாடகையில பாதிக்குக்கூட வரலை. மீதி எல்லாம் நன்கொடைதான். அப்போ அந்த 300 ரூபாய் எதுக்கு? வாசல்ல பாஸ் கிழிக்க எட்டு பேர் நின்னு, அவங்களும் நிகழ்ச்சி பார்க்கலை. உள்ளே பின் பாதி நாற்காலி காலி.

என் பையன் மூணாம் வகுப்புல இந்த ஊருக்கு வந்தான். இப்போ கல்லூரி. கூட நாலு வங்காளிப் பசங்க, இவன் பேஸ் கிடார். போன பொங்கலுக்குச் சங்க மேடையில ஒரு தமிழ்ப் பாட்டு வாசிக்கிறோம்னு கேட்டாங்க. கமிட்டியில பெரியவர் ஒருத்தர், "தம்பி, நீ வாசி, உன் கூட்டாளிங்க உறுப்பினர் இல்லையே"ன்னார். கேக்க வர்ற நண்பர்களுக்கும் தலைக்கு 300. பையன் ஒண்ணும் சொல்லலை. அந்த வாரமே பக்கத்துத் தெரு கிளப் மேடையில அதே தமிழ்ப் பாட்டை வாசிச்சாங்க. ஒரு வார்த்தை புரியாத இருநூறு பேர் கை தட்டினாங்க. நானும் தங்கமணியும் அங்க நின்னுதான் கேட்டோம். நம்ம பாட்டை நாலு பேர் கேட்கணும்னுதானே சங்கம்? அதைத் தெரு கிளப்காரன் சந்தா பணத்துல செஞ்சுட்டான்.

டொராண்டோவுல இருக்கறவங்களுக்கு நான் சொல்லவே வேணாம். 2015-லிருந்து ஸ்கார்பரோவுல மார்க்கம் ரோட்டை அடைச்சுத் தமிழர் தெருவிழா நடத்தினீங்க, யாரும் வரலாம்னு. சென்னையிலயே 2018 ஜனவரியில கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் கச்சேரி கீழ்ப்பாக்கத்துல பள்ளி மைதானத்துலதான். கானாவும் ராக்கும் ராப்பும் கலந்து 19 பேர் மேடையில, டிக்கெட் இல்ல. சபா வாசலை மிதிக்காத கூட்டம் அது. 2015-ல ஊரூர் ஆல்காட் குப்பத்துல கடற்கரையில நடந்த விழாவும் அப்படித்தான், மீனவக் குப்பத்து மேடைக்கு கர்நாடக சங்கீதமே தேடி வந்துச்சு.

அதனால போன மாசக் கூட்டத்துல ஒரு தீர்மானம் கொடுத்தேன். விழாவை நாலா பக்கமும் கொண்டு போக வேணாம், பட்டிமன்றம் அரங்கத்துலயே இருக்கட்டும். வருஷத்துல ஒரே ஒரு சாயங்காலம், லேக் மார்க்கெட் பக்கம் ஒரு சின்னப் பார்க்குல, மூணு மணி நேரம். கேட்டு கிடையாது, பாஸ் கிடையாது. ஒரு நாகஸ்வரம், ஒரு பறை, ஒரு ராக் பேண்ட். மேடை எங்களோடது, கூட்டம் தெருவோடது. செலவுக்கு அரங்க வாடகையில மிச்சமாகறது பாதி, சந்தா பாதி. சர்க்கார்கிட்ட கை நீட்ட வேணாம். விழா முடிஞ்ச பதினஞ்சு நாள்ல வரவு செலவை நோட்டீஸ் போர்டுல ஒட்டணும்.

எதிர்ப்பு மூணு வந்துச்சு. சத்தம்: சட்டப்படி ராத்திரி பத்து மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாது, இந்த ஊர் ஹைகோர்ட் 1996-லயே ஒலிபெருக்கி மேல கடிவாளம் போட்டாச்சு, நாம எட்டரைக்கே முடிக்கிறோம். கண்டவங்க வருவாங்க: வரட்டும்னுதானே சொல்றேன். மூணாவதா, எங்க தலைவர் சொன்னது கொஞ்சம் யோசிக்க வச்சுது. "காசு கொடுத்து வர்றவன்தான் கடைசி வரைக்கும் உக்காருவான்"ன்னார். வாஸ்தவம். மைதானத்துல பிடிக்கலைன்னா ஜனங்க நடந்துடுவாங்க, மேடையில இருக்கறவனுக்கு அது வலிக்கும். ஆனா 300 ரூபாய்க்காகக் கடைசி வரைக்கும் உக்காந்து கொட்டாவி விட்டவங்களை நான் நிறைய பார்த்திருக்கேன்.

ஓட்டு ஏழுக்கு ஆறு. பாஸாயிடுச்சு. இனி கார்ப்பரேஷன்ல பார்க் புக்கிங், தாணாவுல (இங்க போலீஸ் ஸ்டேஷனுக்கு அதுதான் பேரு) மைக் அனுமதி, சி.இ.எஸ்.சி.யில தற்காலிகக் கரண்ட் கனெக்‌ஷன், தீயணைப்புத் துறைக்கு ஒரு கடுதாசி. நாலு விண்ணப்பமும் வங்காளத்துல எழுதினா வேலை சீக்கிரம் நடக்கும்னு சொல்றாங்க. எழுதித் தர்றேன்னு பையனோட டிரம்ஸ்காரன் ஒத்துக்கிட்டிருக்கான். பதிலுக்கு அவன் கேட்டது தங்கமணி கையால நெய் ரோஸ்ட், ரெண்டு.